கீழே வைத்த துப்பாக்கி

கிறிஸ்தவ சபையின் எண்பதாம் ஆண்டு விழா போட்டோவுக்காகப் பெண்கள் மூன்று வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் நின்ற வெர்னா ஹாட்ஜின் வலது முழங்கை, தன் வழக்கப்படி, இடுப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

அங்கே சதை மட்டும்தான் இருந்தது.

முழங்கை நம்பவில்லை. மறுபடி அழுத்தியது. மேல்கோட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கவுன் இருந்தது, கவுனுக்குள் அவள் இருந்தாள். வேறொன்றும் இல்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது. கடைசியாகத் துப்பாக்கியை எங்கே பார்த்தோம் என்று நினைத்த கணமே விடை வந்துவிட்டது. பெண்கள் கழிவறை. நடு அறை. சுவரில் திருகியிருக்கும் காகிதச் சுருள் பெட்டி, அதன் தட்டையான தலை. நாற்பது நிமிடமாக அங்கே கிடக்கிறது, குழலுக்குள் ஒரு தோட்டா ஏறிய நிலையில்.

"மிஸ் வெர்னா, கொஞ்சம் சிரிங்க! பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க!" என்று கத்தினார் போட்டோக்காரர்.

ஓக்லஹோமாவின் மாட்லாக் ஊரில் இந்தத் தவறை வேறு யார் செய்திருந்தாலும் ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டிருக்கும். வெர்னா விஷயம் வேறு. அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பத்தொன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் கைத்துப்பாக்கி வகுப்பு நடத்துகிறாள். துப்பாக்கி கட்டிக்கொண்டு நடக்க இங்கே சட்டம் பயிற்சி எதையும் கேட்பதில்லை. ஆனாலும் வருகிறார்கள். "வெர்னாகிட்ட பாஸ் பண்ணியா?" என்று மனைவிமார் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்குச் சட்டத்தைவிட அதிக மதிப்பு.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஓர் அவமானத்தால்தான். முதல் துப்பாக்கி வாங்கிய மாதம், மலிவான துணி உறை ஒன்றில் அதைச் செருகிக்கொண்டு மாட்டுத்தீவனக் கடைக்குப் போனாள். நாய்த்தீனி மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். துப்பாக்கி வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்து, சறுக்கிக்கொண்டே போய்க் கல்லாக்காரர் காலடியில் நின்றது. அவர் எடுத்துக் கொடுத்தார். "மேடம், உங்க பொருள் விழுந்துருச்சு." குடையை எடுத்துக் கொடுப்பது போன்ற குரல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறந்திருப்பாள்.

அதன்பிறகு உறைகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆயிற்று. உறை கெட்டியாக இருக்க வேண்டும், விசையை முழுக்க மூட வேண்டும், தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் துப்பாக்கியை விடக்கூடாது. பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த பெல்ட்டில் நல்ல உறையும் வீண். "உறைங்கறது பை இல்ல. துப்பாக்கியில பாதி அதுதான்" என்பாள். வாங்கக்கூடாத உறைகளை ஒரு பழைய பூட்ஸ் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அது எப்படி ஆளைக் கொல்லும் என்று சொல்வாள். மாணவர்கள் அதற்கு 'வெர்னாவின் குப்பைத்தொட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வகுப்பில் எல்லாரும் சிரிக்கும் பாடம் ஒன்று உண்டு. கழிவறைப் பாடம்.

"சிரிங்க. நல்லா சிரிச்சு முடிங்க, நான் காத்திருக்கேன்" என்று தொடங்குவாள். "உட்காரணும்னா பெல்ட்ட அவுக்கணும். பெல்ட்ட அவுத்தா துப்பாக்கி தொங்கும். உடனே அத எடுத்து எங்கயாவது வைக்கத் தோணும். கதவுக் கொக்கி, தண்ணித் தொட்டி மூடி, காகிதப் பெட்டி. மறந்த துப்பாக்கி எல்லாம் இந்த மூணு எடத்துலதான் கிடைச்சிருக்கு. உறையிலேயே இருக்கட்டும், பேண்ட்டோட காலுக்கு நடுவுல இறங்கட்டும். கால விட்டுட்டு யாரும் எந்திரிச்சுப் போக மாட்டீங்க."

பிறகு சிரிப்பு நின்றதும் சொல்வாள்: "கீழ வச்ச துப்பாக்கி உங்களுது இல்ல. அடுத்து வர்றவங்களுது."

போன மாதம் எழுபத்து நான்கு வயது ஓப்பல் ப்ரூயிட் அம்மாளை, தேறவில்லை என்று அவள் அனுப்பியதும் இதே காரணத்துக்காகத்தான். ஓப்பல் குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர். ஆனால் சுட்டதும் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு மூக்கைத் துடைக்கத் திரும்பிவிடுவார். மூன்று முறை. "கைக்குட்டைய எடுக்குறதுக்குள்ள யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்று வாதாடினார். வெர்னா மசியவில்லை. ஓப்பல் அதிலிருந்து அவளோடு அவ்வளவாகப் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவள் எப்படி இதைச் செய்தாள்?

கவுனால்தான். பெண்கள் எல்லாரும் கவுனில்தான் போட்டோவுக்கு வர வேண்டும் என்று பாஸ்டரின் மனைவி சொல்லிவிட்டார். வெர்னா இருபது வருடமாக பேண்ட்டும் விறைப்பான பெல்ட்டும் அணிகிறவள். கவுனுக்குப் பெல்ட் கிடையாது. துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த ஞாயிறு சபையின் காவல் குழுவில் அவள் முறை; வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அவள். வேறு ஆளைக் கேட்கவும் மனம் வரவில்லை. காலையில் அவள் குப்பைத்தொட்டியைத் திறந்து, வகுப்பில் ஏழாவதாக எடுத்துக் காட்டும் வயிற்றுப் பட்டியை எடுத்தாள். அகலமான ரப்பர்ப் பட்டி. அதில் ஒரு துணிப் பை, பையின் வாயை மூட ஒரு பொத்தான் வார். துணி மெல்லியது, விசையை வெளியிலிருந்தே அமுக்கலாம். அதனால்தான் அது குப்பை. கவுனுக்கு மேலே கட்டி, மேல்கோட்டைப் போட்டு மறைத்தாள்.

"இத நீயே திட்டுவியே?" என்றார் கணவர் டுவேன்.

"அஞ்சு மணி நேரம்தான். சும்மா இரு" என்றாள்.

பன்னிரண்டு பத்துக்குக் கழிவறைக்குப் போனாள். பட்டி கவுனைச் சேர்த்து இறுக்கியிருந்தது. அவிழ்க்காமல் கவுனைத் தூக்க முடியவில்லை. அவிழ்த்தாள். பேண்ட் இல்லை, காலுக்கு நடுவில் இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. தரை ஈரம். காகிதப் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில், தட்டு மாதிரி, சமமாக இருந்தது. அரை நிமிடம்தானே.

அந்த அரை நிமிடத்தில் காதிலிருந்த வாக்கி-டாக்கி பேசியது. "சிஸ்டர் வெர்னா, பின்வாசல்ல தெரியாத வண்டி ஒண்ணு. ஒரு ஆளு இறங்குறான். சீக்கிரம் வாங்க."

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். காவலுக்கு, வெறுங்கையோடு. அந்த ஆள் ஐஸ் மூட்டை கொண்டுவந்தவன். அவனோடு சேர்ந்து ஆறு மூட்டை சுமந்தாள். பிறகு உருளைக்கிழங்கு சாலட் தட்டுகள், வறுத்த கோழித் தட்டுகள், பீன்ஸ் அண்டா. இரண்டு கையும் ஓயவில்லை. முழங்கைக்கு இடுப்பைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை.

இப்போது அவள் வரிசையை விட்டு விலகினாள். ஓடினால் கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். வேகமாக நடந்தாள். வெடிச் சத்தம் கேட்கவில்லை, கேட்கவில்லை, இன்னும் கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டே நடந்தாள்.

கழிவறைக்குள் நான்கு பெண்கள் கைகழுவும் தொட்டியருகே நின்றார்கள். மூன்று அறைகளில் நடு அறை மட்டும் பூட்டியிருந்தது.

"அதுக்குக் காத்திருக்காத வெர்னா. அரை மணியா யாரோ உள்ள குடியிருக்காங்க" என்றாள் ஒருத்தி.

"வாடகைக்கு எடுத்துட்டாங்க போல" என்றாள் இன்னொருத்தி.

"யாரு செஞ்ச பீன்ஸுன்னு கேட்டு வையுங்கடி, நான் தொடமாட்டேன்."

வெர்னா குனிந்து பார்த்தாள். கதவுக்கு அடியில் இரண்டு பழுப்பு நிறக் காலணிகள். அசையவில்லை. தட்டினாள்.

"ஆளிருக்கு!" என்றது உள்ளிருந்து ஒரு குரல், வெடுக்கென்று.

"யாரு உள்ள?"

"யாரு வெளிய?"

"வெர்னா."

"ஓ. வந்துட்டியா" என்றது குரல். "எல்லாரையும் வெளிய அனுப்பு. அப்பத்தான் திறப்பேன்."

குழாய் உடைந்துவிட்டது, எல்லாரும் எதிர்ப்பக்கக் கழிவறைக்குப் போங்கள் என்றாள் வெர்னா. அந்த நாளில் அவள் சொன்ன ஒரே பொய் அது. முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். வெளிக்கதவைத் தாழிட்டாள். நடு அறை திறந்தது.

ஓப்பல் ப்ரூயிட் மூடிய கழிவறைக் கோப்பையின் மேல் முதுகை நிமிர்த்தி, மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார், பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல. அவர் தோளுக்குப் பக்கத்தில், காகிதப் பெட்டியின் மேல், பட்டி சுருண்டு கிடந்தது.

"நான் தொடல" என்றார் ஓப்பல். "நீதான் எனக்குத் தகுதி இல்லன்னு எழுதிக் கொடுத்தியே."

"மிஸ் ஓப்பல்…"

"போன் கைப்பையில கிடக்கு, கைப்பை மேசையில கிடக்கு. விட்டுட்டுப் போனா அடுத்தவ வந்துருவா. 'துப்பாக்கி'ன்னு சத்தம் போட்டா இருபது ஆம்பளைங்க இருபது துப்பாக்கியோட ஓடி வருவானுங்க. பொம்பளைங்க கழிவறைக்கு. நெனச்சுப் பாரு. அதான் உட்கார்ந்துட்டேன். கால் ரெண்டும் மரத்துப்போச்சு."

"என்னுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தப் பட்டியப் பார்த்தேன். 'இத வாங்குறவங்களுக்கு மூளை இல்ல'ன்னு போன மாசம்தான் காட்டுன."

வெர்னா பட்டியை எட்டி எடுக்கப் போய் நின்றாள்.

பையின் வார் திறந்திருந்தது. அவள் அதை மூடித்தான் வைத்தாள். அந்தப் பொத்தான் அமுங்கும் 'டக்' சத்தம் இன்னும் விரலில் இருந்தது. மூடினோமா? மூடினோம். துப்பாக்கி பையிலிருந்து முக்கால்வாசி வெளியே வந்து, குழல்வாய் அறைக் கதவைப் பார்த்துக் கிடந்தது. அதன் கறுப்புப் பிடியில் ஏதோ ஒட்டியிருந்தது. நீலமாக. விரல் அகலம், ஆனால் பெரியவர் விரல் அகலம் இல்லை. மெழுகாக இருக்குமோ என்று விரலால் தொட்டு முகர்ந்தாள். வெனிலா வாசனை.

எண்பதாம் ஆண்டு கேக். மேலே முழுக்க நீலக் கிரீம். பாஸ்டர் கேல்வின் எப்போதும் சாப்பாட்டுக்கு முன்பே, பெரியவர்களுக்கும் முன்பே, பிள்ளைகளுக்கு கேக் வெட்டிக் கொடுத்துவிடுவார். அது அந்தச் சபையின் வழக்கம்.

"மிஸ் ஓப்பல், கேக் சாப்பிட்டீங்களா?"

"எனக்கு சர்க்கரை. கேக் பக்கமே போகல. ஏன்?" கேட்டுவிட்டு அவரும் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். கோத்திருந்த கைகள் பிரிந்தன. "ஐயோ, கர்த்தாவே. நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. நீதான் இப்படி வச்சுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

வெர்னா துப்பாக்கியை எடுத்தாள். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, மேல்பாகத்தை இழுத்தாள். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. குழலிலிருந்த தோட்டா எகிறித் தரையில் விழுந்து உருண்டது. ஓப்பல் அதன்மேல் காலணியை வைத்து அழுத்தினார்.

பிறகு அதையும் மேகசினையும் எடுத்துத் தன் கவுன் பையில் போட்டுக்கொண்டார்.

"கேளு" என்றார் ஓப்பல், குரலைத் தாழ்த்தி. "நான் வாயத் திறக்க மாட்டேன். எனக்கு உன்மேல கோவம்தான். அதுக்காக உன் பேர நாசமாக்க மாட்டேன். ஒண்ணும் நடக்கல. கழுவித் துடைச்சிட்டு வீட்டுக்குப் போ."

வெர்னாவுக்கு அது வேண்டும் போலிருந்தது. பொய் சொல்லக்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். சனிக்கிழமை வகுப்புக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் சேர்த்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: அவள் சொன்னால் கேட்பார்கள். வெளியே தெரிந்தால் அது போய்விடும். ஈரக் காகிதத்தால் பிடியைத் துடைத்தாள். நீலம் காகிதத்தில் வந்துவிட்டது. எவ்வளவு லேசாக வந்தது!

வெற்றுத் துப்பாக்கியைக் கோட்டுக்குள் பட்டியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தோட்டாக்கள் ஓப்பலின் கவுன் பையில் இருந்தன.

போட்டோக்காரர் இப்போது பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். வெர்னா பேருந்து ஓட்டிய பழக்கத்தில் தலைகளை எண்ணினாள். இருபத்தாறு. எல்லார் உதடும் நீலம். எல்லார் விரலும் நீலம். ஒரு குட்டி தன் அண்ணன் முதுகில் ஐந்து விரலையும் துடைத்துக்கொண்டிருந்தது.

இருபத்தாறு பேரில் ஒன்று. அந்தக் குழந்தை இன்று ஒரு பாடம் கற்றிருக்கிறது: துப்பாக்கி கழிவறையில் கிடக்கும், தொடலாம், ஒன்றும் ஆகாது. அதை வெர்னா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நாளைக்கு வேறொரு வீட்டில், வேறொரு இழுப்பறையில், அந்தக் கை தயங்காது. யாருடைய கை என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பாஸ்டரிடம் போய் ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினாள். ஏதோ வாழ்த்துரை என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். டுவேனுக்கு மட்டும் அவள் முகம் புரிந்தது. "வெர்னா, என்னாச்சு?" என்று எழுந்தார்.

"நான் இன்னைக்கு என் துப்பாக்கிய பொம்பளைங்க கழிவறையில வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் வெர்னா. "தோட்டாவோட. காகிதப் பெட்டி மேல. நாப்பது நிமிஷம். இப்ப என்கிட்டதான் இருக்கு, காலியா இருக்கு. ஆனா நடுவுல ஒரு பிள்ளை அத எடுத்திருக்கு. பிடியில கேக் கிரீம் இருந்துச்சு."

ஒரு கரண்டி எங்கோ தட்டில் விழுந்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து, "நீயா?" என்றார்கள். திட்டவில்லை. புரியாமல் கேட்டார்கள். அவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"யாரு எடுத்ததுன்னு நான் திட்டப் போறதில்ல. தப்பு என்னுது. எடுத்த பிள்ளை யாருன்னு மட்டும் அதோட அம்மாவுக்குத் தெரியணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு நீலக் கை மெதுவாக உயர்ந்தது. டெஸ்ஸா. ஐந்து வயது. அவள் அம்மா க்ரிஸ்டல் இரண்டு வருடத்துக்கு முன் வெர்னாவிடம் படித்தவள். வெர்னா சொல்லித்தான் வீட்டில் இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறவள்.

"நான்தான் மிஸ் வெர்னா" என்றாள் டெஸ்ஸா. "நான் சுடல. ரொம்பக் கனமா இருந்துச்சு. ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு."

க்ரிஸ்டல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் என்ன செஞ்ச கண்ணு?" என்று கேட்டாள் வெர்னா.

"அம்மா வெளிய நின்னு கூப்டாங்க. சீக்கிரம் வா, கை அப்புறம் கழுவிக்கலாம்னாங்க. அதான் வச்சிட்டேன்."

க்ரிஸ்டல் அப்போது கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கதவுக்கு மூன்றடி தூரத்தில். குழல்வாய் பார்த்துக் கிடந்த அதே கதவு. அவள் அந்த நேரத்தில் கூப்பிட்டதற்குக் காரணம், கேக் மேசையில் இன்னொரு பிள்ளை அழுதது, அவ்வளவுதான். இப்போது க்ரிஸ்டல் எழுந்து வந்தாள். வெர்னாவைப் பார்க்கவில்லை. மகளின் முன்னால் மண்டியிட்டு, ஈரக் காகிதத்தை எடுத்து அந்தக் கைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கிரீம் போனது. சாயம் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்குதும்மா" என்றாள் டெஸ்ஸா.

வெர்னா காதிலிருந்த வாக்கி-டாக்கியைக் கழற்றி பாஸ்டர் கையில் வைத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தலையசைத்தார்.

திங்கட்கிழமை பதினான்கு பேருக்கும் அவளே போன் செய்து, நடந்ததைச் சொல்லி, இனியும் வர விருப்பமா என்று கேட்டாள். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் இவ்வளவு நீளமாகத் திட்டினார் என்று டுவேனிடம் கடிகாரத்தைக் காட்டினாள். சனிக்கிழமை வந்த ஒன்பது பேருக்கு முன்னால் வயிற்றுப் பட்டியை வைத்து, அதை எடுத்துக் கட்டிய ஆளைப் பற்றிச் சொன்னாள். கழிவறைப் பாடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஓப்பல் உட்கார்ந்திருந்தார், இரண்டாம் முறை தேர்வுக்கு. சுட்டு முடித்ததும் துப்பாக்கியை உறையில் போட்டு, அமுக்கிப் பார்த்து, அதன்பிறகே மூக்கைத் துடைத்தார்.

"இப்பவாவது தேறினேனா?" என்றார்.

"தேறிட்டீங்க."

"நீ?"

வெர்னா வயிற்றுப் பட்டியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள்.

க்ரிஸ்டல் இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஞாயிறுகளில் கூடத்தின் மறுபக்கம் உட்கார்கிறாள். டெஸ்ஸா மட்டும் யாரும் பார்க்காதபோது கையசைக்கிறாள். விழா போட்டோ வாசலில் மாட்டியிருக்கிறது. இரண்டாம் வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி.

விழா நடந்த வாரமே வெர்னா பாஸ்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு, ஒரு நண்பகலில், மூன்று சரிவான மரத்துண்டுகளும் திருப்புளியுமாகப் பெண்கள் கழிவறைக்குப் போனாள். ஒவ்வொரு காகிதப் பெட்டியின் தலையிலும் ஒரு துண்டை வைத்து முடுக்கினாள். நடு அறையில் முடித்ததும் திருப்புளியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சரிந்து தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்த பிறகே வெளியே வந்தாள்.